தொப்பிக்காரர்

யூடியூபில் கால்பந்து பார்க்கலாம் என்று போனால், முக்கால்வாசி நேரம் பந்தைக் காணோம். ஒரு ஜெர்மானியர்தான் இருக்கிறார். பேஸ்பால் தொப்பி, அரைகுறைத் தாடி, தெருக்கோடி வரை கேட்கும் சிரிப்பு. யூர்கன் க்ளாப். மேட்ச் ஜெயித்தால் ரசிகர்கள் எதிரில் போய்க் காற்றில் குத்து விடுகிறார். ஆட்டக்காரர்களை எலும்பு நொறுங்கக் கட்டிக்கொள்கிறார்.

ஆட்டக்காரராக ஆசாமி சுமார்தான். 1990லிருந்து 2001 வரை மைன்ஸ் என்கிற ஒரே கிளப், இரண்டாம் டிவிஷன். தனக்கு நாலாம் டிவிஷன் கால், முதல் டிவிஷன் தலை என்று அவரே சொல்லிக்கொண்டார். ஆட்டத்தை விட்ட கையோடு அங்கேயே கோச். பிறகு டோர்ட்மண்டுக்கு 2011, 2012 லீக் பட்டங்கள். லிவர்பூலுக்கு 2019ல் சாம்பியன்ஸ் லீக். 2020ல், முப்பது வருஷம் காத்திருந்த லீக் பட்டம்.

2015ல் லிவர்பூலுக்கு வந்தபோது 'நான் சாதாரண ஆள்' என்றார். உலகம் சொக்கிப்போனது. 2020 மார்ச்சில் செல்ஸியிடம் தோற்ற ராத்திரி, கொரோனா பற்றி அவரிடம் கேட்டார்கள். பிரபலங்கள் சொல்வது முக்கியமில்லை, நான் தொப்பி போட்ட, சரியாக ஷேவ் பண்ணாத ஆள், தெரிந்தவர்களைக் கேளுங்கள் என்றார். என்ன ஆச்சு? 'என்னைக் கேட்காதே' என்று சொன்ன வீடியோவே உலகம் சுற்றி, அவரை இன்னும் பெரிய பிரபலமாக்கிவிட்டது!

இந்தச் சாதாரணத்துக்குப் பின்னால் நல்ல பயிற்சி இருக்கிறது. 2006 உலகக் கோப்பையின்போது ஜெர்மன் டி.வி.யில், திரையில் கோடு போட்டு ஆட்டத்தை விளக்கியவர் அவர். காமிரா எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் அல்ல. நடிப்பு என்று சொல்லவில்லை. மேடையேறத் தெரிந்த நிஜம்.

என் புகார் அவர்மேல் இல்லை, க்ளிப்மேல். பந்தை இழந்த மறு விநாடியே நாலு பேர் பாய்ந்து பிடுங்குகிற 'கெகன்பிரஸ்ஸிங்'தான் அவருடைய நிஜமான சாதனை. அதற்குப் பின்னால் மாசக்கணக்கான பயிற்சி. பதினைந்து விநாடியில் அது அடங்காது. சிரிப்பு அடங்கும்.

2024 அக்டோபரில் ரெட் புல் கம்பெனியின் உலகக் கால்பந்துத் தலைவர் பதவிக்கு ஒப்புக்கொண்டார். ஜெர்மனியில் கிளப்பின் ஓட்டுரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்று விதி. 2009ல் ரெட் புல் பணத்தில் பிறந்த லைப்ஸிக் கிளப், அந்த விதியைப் பேருக்கு மட்டும் மதிக்கிறது என்று பழைய ரசிகர்களுக்குத் தீராத கோபம். மைன்ஸ் மைதானத்தில் க்ளாப்புக்கு எதிராகவே பேனர் பிடித்தார்கள். இணையத்திலும் அர்ச்சனை. அதே விரல்கள்தான்; முந்தின நாள் இதயம் அனுப்பியவை.

மைன்ஸ்காரர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. பதினெட்டு வருஷம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். நாம்? ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு முழு ஆளையே கற்பனை பண்ணிவிட்டு, அவர் வேலை மாறினதும் ஏமாற்றிவிட்டார் என்கிறோம்.

பிரபலங்களை நம்பாதே என்று தொப்பிக்காரர் அன்றைக்கே சொன்னார். கை தட்டினோம், காதில் வாங்கவில்லை.