பயிற்சியில் இல்லாத வாசகர்

நூலகப் பணியாளர்கள் புதிய இணையக் கருவிகளைக் கற்றுக்கொண்டுவிட்டால் நூலகங்களுக்கு மறுவாழ்வு வந்துவிடும் என்னும் அபிப்பிராயம், ஆராய்ந்து நிலைநாட்டியவர் எவரும் இல்லாமலே, மறுத்துப் பேச ஒருவரும் முன்வராத காரணத்தால் மட்டும் சித்தாந்தமாக நிலைபெற்றுவிட்டது. 2020-ஆம் ஆண்டில், கொள்ளைநோயின் பொருட்டு வாசகசாலைகள் பூட்டிக் கிடந்த மாதங்களில், நூலகத் துறையினருக்கென்று இணையவழிக் கருத்தரங்குகளும் வினாடி வினாக்களும் நாடெங்கும் பெருகி, சில கேள்விகளுக்கு விடையளித்த மாத்திரத்தில் மின்னஞ்சலில் சான்றிதழ் வந்து சேரும் வழக்கம் ஒன்று தோன்றிற்று. நோய் நீங்கிய பின்னும் அவ்வழக்கம் நீங்கவில்லை. இப்படிச் சேர்த்த சான்றிதழ்களின் தொகையே பணியாளரின் திறமைக்கு அளவுகோல் என்று கருதுவோர் பெருகியிருப்பதோடு, அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது: “முதலில் கருவியைப் பழகட்டும், பயன் பின்னால் தானே வரும்.” இந்த நியாயம் அடிப்படையிலேயே பிழையானது என்பது என் நெடுநாளைய எண்ணம்.

இத்தகைய பயிற்சிகளுக்கெல்லாம் மூலமாதிரி, 2006-இல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலன் பிளவர்ஸ் என்னும் அம்மையார் வகுத்த ‘23 காரியங்கள்’ என்ற திட்டம். வலைப்பூ தொடங்குவது, படம் ஏற்றுவது, செய்தியோடை வாங்குவது, விக்கியில் எழுதுவது என்று இருபத்துமூன்று சிறு காரியங்களைப் பணியாளர் தம் வேலைக்கிடையே தாமே செய்து பார்த்து, செய்ததைத் தம் வலைப்பூவில் பதிந்து வரவேண்டும். எல்லாவற்றையும் முடித்தோருக்கு எம்பி3 பாட்டுக்கருவி ஒன்று வெகுமதி. ஆசிரியர் இல்லை, தேர்வு இல்லை, கட்டணம் இல்லை. கணிப்பொறியின் முன் உட்காரவே கூசியிருந்த மூத்த பணியாளர்கள் பலரின் அச்சத்தை இத்திட்டம் போக்கியது என்பதும், எவரும் எடுத்து ஆளலாம் என்று உரிமையைத் திறந்து வைத்ததனால் பல தேசத்து நூலகங்கள் இதைப் பின்பற்றின என்பதும் மெய். அந்தப் பெருந்தன்மையை நான் மதிக்கிறேன். அச்சம் தீர்ந்த பிறகு என்ன கற்றார்கள் என்பதே என் கேள்வி.

அந்தப் பட்டியலில் இடம்பெற்றிருந்தவற்றில் பல இன்று இல்லை. இணைய முகவரிகளைச் சேமித்து வைக்கும் டெலிஷியஸ் 2017-இல் ஓய்ந்தது; செய்தியோடைகளைப் படிக்க உதவிய புளொக்லைன்ஸ் மங்கிய பின் அதன் இடத்தைப் பெரிதும் பிடித்திருந்த கூகுள் ரீடரும் 2013 ஜூலையில் மூடப்பட்டது. இதை ஒரு குற்றமாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. கருவிகள் தோன்றுவதும் மறைவதும் உலக இயற்கை. என் ஆட்சேபம் வேறு. அந்த இருபத்துமூன்றில் பெரும்பாலானவை பணியாளர் தனியே திரைக்கு முன் அமர்ந்து, தமக்குத் தாமே செய்து மகிழும் காரியங்கள். தம்மைப் போன்ற ஒரு சித்திர உருவத்தை உண்டாக்குவதும், படத்துக்கு வேடிக்கையான சட்டம் போடுவதும் அவற்றில் அடக்கம். இன்ன கேள்வியோடு இன்ன வாசகர் வந்து நிற்கிறார், அவருக்கு இதைக் கொண்டு என்ன செய்வாய் என்னும் வினாவிலிருந்து எந்தப் பாடமும் பிறக்கவில்லை. நம் நாட்டுச் சான்றிதழ்ப் பயிற்சிகள் அந்தத் திட்டத்தின் சுதந்திரத்தை விட்டுவிட்டு இந்தக் குறையை மட்டும் சுவீகரித்துக்கொண்டன.

இந்தக் குறையின் விளைவை அருகிலிருந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது. ஓசூரிலிருந்து மத்திகிரி வழியாகத் தேன்கனிக்கோட்டைக்குச் செல்லும் சாலையை அடுத்த இப்பகுதியில், பெயர் குறிப்பிட வேண்டாத ஒரு நூலகத்தில், இரவு ஷிப்டு முடித்துச் சீருடையோடு வந்த ஓர் இளைஞர், “மேடம், ராஜாஜி எழுதின மகாபாரதம் இருக்குங்களா?” என்று கேட்டார். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இதே ஓசூர்ப் பக்கத்துக் கிராமமாகையால் இக்கேள்வி இங்கே எழுவது மிகவும் இயல்பு. பணியில் இருந்த பெண்மணி சுறுசுறுப்பானவர். இணையப் பயிற்சிகள் பலவற்றை முடித்தவர். கணிப்பொறியில் ‘மகாபாரதம்’ என்று தட்டி, ஆசிரியர் கட்டத்தில் ‘ராஜாஜி’ என்று சேர்த்துத் தேடினார், ஒன்றும் வரவில்லை. ஆசிரியர் பெயரை மட்டும் வைத்துத் தேடியதில் இரண்டொரு கட்டுரை நூல்கள் வந்தன. “இல்லைங்க தம்பி” என்றார். இளைஞர் போய்விட்டார். அந்தப் புத்தகம், அதன் உண்மைப் பெயராகிய ‘வியாசர் விருந்து’ என்ற தலைப்போடு, ‘ராஜகோபாலாச்சாரியார், சி.’ என்று பதியப்பட்டு, அந்தப் பெண்மணியின் நாற்காலிக்குப் பின்னிருந்த அலமாரியில்தான் இருந்தது.

அந்தப் பெண்மணியைக் குறை சொல்வது அநியாயம். வாசகர் ஒரு நூலைக் கேட்கும் பெயரும் நூல் பதிந்திருக்கும் பெயரும் வேறுபடும் என்பதும், வேறுபாட்டை இணைத்து வைப்பதே நூற்பட்டியலின் தொழில் என்பதும் அவர் பெற்ற எந்தப் பயிற்சியிலும் பாடமாக வரவில்லை. தமிழில் இந்தச் சிக்கல் மிகவும் கடுமையானது. ராஜாஜி, இராஜாஜி, ராஜகோபாலாச்சாரி, இராசகோபாலாச்சாரியார் என்று ஒருவரே நால்வராக நிற்பார், மு. வ. ஓரிடத்தில் வரதராசனாகவும் ஓரிடத்தில் வரதராஜனாகவும் காணப்படுவார். நூலகவியலின் தந்தை என்று நாம் போற்றும் ரங்கநாதனே அகரத்தின்கீழும் இகரத்தின்கீழும் ரகரத்தின்கீழும் சிதறிக் கிடப்பார். முதலெழுத்தை முன்னே வைப்பதா பின்னே வைப்பதா, புள்ளியிட்டு எழுதுவதா என்னும் பேதங்கள் வேறு. மனித மூளை இவற்றையெல்லாம் ஒன்றென்று நொடியில் அறியும். யந்திரமோ யாரேனும் ஒருவர் உட்கார்ந்து சிரத்தையோடு இணைத்து வைத்தாலன்றி அறியாது. இந்த இணைப்புக்கென்றே ஆசிரியர் பெயர்களை நிலைப்படுத்தும் ஒரு தனிப் பகுதி, நூலகங்கள் பல இலவசமாகப் பெற்றுப் பயன்படுத்தும் கோஹா மென்பொருளில் இருக்கிறது. நான் கண்ட பயிற்சிகளில், புத்தகத்தை வழங்குவதற்கும் திரும்பப் பெறுவதற்கும் எந்தப் பொத்தானை அழுத்துவது என்பது விஸ்தாரமாகச் சொல்லப்பட்டது. பெயர் நிலைப்படுத்தும் பகுதி, நேரம் போதவில்லை என்று தள்ளப்பட்டது.

எழுத்துருவின் கதையும் இதுவே. பழைய பட்டியல்களும் கடிதங்களும் வானவில் முதலிய எழுத்துருக்களில் தட்டப்பட்டவை. அந்த எழுத்துரு இல்லாத கணிப்பொறியில் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களின் குவியலாகவே தோன்றும். 2010-இல் தமிழக அரசு யூனிக்கோடு முறையைத் தரமாக ஏற்றபிறகும், பழையதைப் புதியதாக மாற்றி, மாற்றியதைப் பிழை பார்த்துச் சேர்க்கும் வேலை, எவருடைய வேலை என்று நிர்ணயிக்கப்படாமலே பல இடங்களில் நிற்கிறது. சென்னையில் 1999-இல் கூடிய மாநாட்டுக்குப் பின் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் பிழையின்றி விரைவாகத் தட்டுவது, ஒரு தமிழ் நூலகப் பணியாளர் கற்கவேண்டிய இணையக் கருவிகளுள் முதலாவது என்று நான் சொல்வேன். சமூக ஊடகத்தில் நூலகத்துக்குப் பக்கம் திறப்பது எப்படி என்று கற்பிக்கும் வகுப்புகளுக்கு இது அற்பமாகத் தோன்றுகிறது போலும்.

விளையாட்டாகக் கற்பதே கற்றல் என்பது பிளவர்ஸ் அம்மையாரின் திட்டத்துக்கு ஆதாரமான கொள்கை. அதன் தொடக்கப் பாடமாகிய ‘ஏழரைப் பழக்கங்கள்’ என்பதில் அந்த அரைப் பழக்கம் விளையாட்டுத்தான். இக்கொள்கைக்கு ஆதரவாக ரங்கநாதனையே சாட்சிக்கு அழைப்போர் உண்டு. ஆகவே அந்தச் சாட்சியத்தை முழுவதும் கேட்பது அவசியம். சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்த ரங்கநாதன், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராகி, பயிற்சிக்காக லண்டன் சென்றார். அங்கே செல்ஃபிரிட்ஜ் கடையில் மெக்கானோ என்னும் விளையாட்டுச் சாமானைக் கண்டார். சில உலோகப் பட்டைகளையும் திருகாணிகளையும் கொண்டு விற்பனையாளர் வெவ்வேறு உருவங்களை உண்டாக்கிக் காட்டியதைப் பார்த்த அந்தக் கணத்தில், நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த 1933-இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறைக்கு வித்து விழுந்தது. விளையாட்டுச் சாமான்தான்; ஆனால், முன்கூட்டியே இறுகிப்போன வகுப்புகளில் புதிய பொருள்களைப் பற்றிய நூல்கள் அடங்காமல் தவிக்கின்றன என்னும் விசாரத்தை நெஞ்சில் சுமந்துகொண்டு அக்கடைக்குள் நுழைந்தவர் அவர். கேள்வி முன்னே சென்றது, கருவி அதற்கு விடையாயிற்று. கேள்வியில்லாமல் அக்கடைக்குள் சென்ற ஆயிரமாயிரம் பேர் மெக்கானோவைப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

கோஹாவின் பிறப்பும் அப்படியே. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா என்னும் சிறு நகரப் பகுதியின் நூலகத்தார், தம்மிடமிருந்த பழைய மென்பொருள் 2000-ஆம் ஆண்டு பிறந்ததும் பழுதாகிவிடும் என்று கண்டு, விலை கொடுத்து வேறொன்று வாங்குவதைவிடத் தமக்கு என்ன வேண்டும் என்று தாமே சொல்லிச் செய்வித்துக்கொள்வது மேல் என முடிவு செய்து, 1999-இல் அதை உருவாக்கச் செய்து, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். பெரிய பல்கலைக்கழகத்து நிபுணர்கள் அல்லர் அவர்கள். தம் வாசகருக்கு நாளை காலை புத்தகம் எடுத்துத் தர முடியுமா என்று கவலைப்பட்ட சாதாரண நூலக உத்தியோகஸ்தர்கள். அவர்கள் தேவையறிந்து செய்வித்த பொருளை, தேவையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல் நாம் கற்பிக்கிறோம்.

மத்திகிரியைச் சுற்றியுள்ள பிரதேசத்தில் இந்தப் பிழை இரட்டிப்பாகிறது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய நான்கும் வீடுகளில் வழங்கும் எல்லைப் பகுதி இது. சிப்காட் தொழிற்பேட்டைகளுக்காக வடமாநிலங்களிலிருந்து வந்து குடியேறியவர்களின் இந்தியையும் சேர்த்துக்கொள்ளலாம். தெலுங்கில் பேசித் தமிழில் படித்த ஒருவர், தம் தாயாருக்காகத் தெலுங்கு எழுத்தில் ஒரு புத்தகம் இணையத்தில் கிடைக்குமா என்று கேட்கிறார். ரோஜா பயிரிடும் குடும்பத்துப் பெண், இலையில் வெண்சாம்பல் படர்வதற்கு மருந்து தேடுகிறார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் பயிர் நோய்களைப் பற்றித் தமிழிலேயே வாசிக்கலாம் என்பதை அவருக்குச் சொல்வார் இல்லை. வேலை தேடும் இளைஞருக்குத் தேர்வாணையத்தின் பழைய வினாத்தாள்கள் வேண்டும். கால்நடைப் பண்ணையில் கூலி வேலை செய்பவருக்கு வைப்புநிதிக் கணக்கைப் பார்க்கத் துணை வேண்டும். 1948-ஆம் ஆண்டு நூலகச் சட்டத்தின் வழியாக வந்த நூலக வரியை, வீட்டு வரியோடு சேர்த்து ரூபாய்க்குப் பத்துக் காசு வீதம் கட்டி வருகிறவர்கள் இப்பகுதி மக்கள். இக்கேள்விகளைக் கேட்க அவர்களுக்குப் பரிபூரணமான பாத்தியதை உண்டு. இவற்றில் ஒன்றுகூட எந்தப் பயிற்சியின் அட்டவணையிலும் இடம்பெற்று நான் கண்டதில்லை.

இப்போது பட்டியலின் உச்சியில் செயற்கை நுண்ணறிவு ஏறியிருக்கிறது. வினாவைத் தட்டினால் விடை சரளமாக வருகிறது என்று காட்டுவதோடு பயிற்சி முடிகிறது. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழோடு வெளிவந்த கோடைகால வாசிப்புப் பட்டியலில், பதினைந்து நூல்களில் பத்து உலகத்தில் எழுதப்படவே இல்லாதவை; மெய்யான எழுத்தாளர்களின் பெயரில் இல்லாத புத்தகங்களைச் செயற்கை நுண்ணறிவு யந்திரம் கற்பனை செய்து கொடுத்திருந்தது. அச்சேறுமுன் பட்டியலை ஒருவர் ஏதேனும் ஒரு நூலகத்தின் நூற்பட்டியலோடு ஒப்பிட்டிருந்தால் கால் மணி நேரத்தில் குட்டு வெளிப்பட்டிருக்கும். அப்படி ஒப்பிடத் தெரிந்தவர்தான் நூலகர். ராஜாஜியின் மகாபாரதம் தம் முதுகுக்குப் பின்னே இருப்பதை அறிய முடியாத நிலையில் ஒரு பணியாளரை வைத்துவிட்டு, அவர் கையில் இந்த யந்திரத்தையும் கொடுத்தால், இருக்கும் புத்தகம் இல்லையென்றும் இல்லாத புத்தகம் உண்டென்றும் வாசகர் கேட்டுப் போகவேண்டியதாகும்.

பணியாளருக்கு நேரம் ஏது, குறைந்த ஊதியத்தில் தனியாளாக ஊர்ப்புற நூலகத்தைத் திறந்து மூடுகிறவரிடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று கேட்பார்கள். நேரம் குறைவு என்பதனாலேயே அந்தக் குறைந்த நேரத்தைக் கருவிகளின் பெயர்களை மனனம் செய்வதில் செலவிடலாகாது என்கிறேன். ஓசூர் வட்டாரத்து நூலகங்களில் ஒரு மாத காலம், வாசகர் கேட்டவற்றை, அவர்கள் கேட்ட மொழியிலும் கேட்ட சொற்களிலுமே ஒரு நோட்டில் எழுதி வரட்டும். விடை கிடைக்காமல் திருப்பியனுப்பியவற்றுக்கு எதிரே ஒரு குறி இடட்டும். அடுத்த மாதத்துப் பயிற்சி அந்தக் குறிகளிலிருந்து தொடங்கட்டும். பெயர் வேறுபாட்டால் தவறியதற்குப் பெயர் நிலைப்படுத்தலும், எழுத்துருவால் தவறியதற்கு யூனிக்கோடு மாற்றமும், மொழியால் தவறியதற்குத் தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்நூலகத்தைப் போல் பிற மொழிகளில் உள்ளவற்றின் அறிமுகமும் பாடமாகும். சான்றிதழ் கொடுத்தே தீரவேண்டுமென்றால், பழகிய கருவிகளின் பெயர்களுக்குப் பதிலாக, அந்தப் பணியாளர் தம் பட்டியலில் திருத்தி இணைத்த ஆசிரியர் பெயர்களை அதில் வரிசையாக அச்சிட்டுக் கொடுக்கலாம்.