மருந்துச் சீட்டோடு வரும் பயிற்சித் தாள்

இடுப்பு பிடித்துக்கொண்டது என்று மருத்துவமனைக்குப் போகிறவர் பெரும்பாலும் இரண்டு தாள்களோடு திரும்புகிறார். ஒன்றில் வலி மாத்திரை எழுதியிருக்கும். இன்னொன்றில் ஐந்தாறு கோட்டுப் படங்கள்: மல்லாந்து படுத்து முழங்காலை நெஞ்சோடு அணைப்பது, குப்புறப் படுத்துத் தலையைத் தூக்குவது, முட்டி போட்டுக் கையூன்றி ஒரு கையையும் எதிர்ப்பக்கக் காலையும் நீட்டுவது. “தினமும் பத்து தடவை செய்யுங்க” என்பதோடு பேச்சு முடிந்துவிடும். மாத்திரை வேளை தவறாமல் உள்ளே போகும். பயிற்சி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ நின்றுபோகும். வலி குறைந்ததும் நிற்கும், குறையாவிட்டாலும் நிற்கும்.

அந்தத் தாள் தவறானதல்ல. முதுகுவலிக்கு மென்மையான உடற்பயிற்சி உதவுகிறது என்பதற்கு வலுவான சான்றுகள் இருக்கின்றன. ஆனால் நாம் அதைப் பரிந்துரைக்கும் முறை, பயிற்சியின் உண்மையான பலத்தை விட்டுவிட்டு அதன் பலவீனத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு கிடைத்த ஆலோசனை இதற்கு நேர் எதிராக இருந்தது. பலகையில் படு, அசையாதே, வலி போகும்வரை எழுந்திருக்காதே என்றார்கள். 1986-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோவும் அவருடைய குழுவினரும் 203 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவை இரண்டு நாளும் மற்றதை ஏழு நாளும் படுத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு நாள் பிரிவினர் வேலைக்குப் போகாமல் இருந்த நாட்கள் 45 சதவீதம் குறைவு. மற்றபடி குணமாவதில் இரு பிரிவுக்கும் வேறுபாடு தெரியவில்லை. கூடுதலாகப் படுத்திருந்த ஐந்து நாளால் யாருக்கும் எந்த நன்மையும் இல்லை.

1995-ல் ஹெல்சிங்கியில் நடந்த ஆய்வு இன்னும் கூர்மையானது. திடீர் முதுகுவலியோடு வந்த 186 மாநகர ஊழியர்களில் ஒரு பிரிவினர் இரண்டு நாள் படுத்திருந்தார்கள். இன்னொரு பிரிவினர் முதுகை மெதுவாக வளைத்து நீட்டும் பயிற்சிகளைச் செய்தார்கள். மூன்றாம் பிரிவினர் வலி பொறுக்கிற அளவுக்கு அன்றாட வேலைகளைப் பார்த்தார்கள். மூன்றாம் வாரத்திலும் பன்னிரண்டாம் வாரத்திலும் நல்ல நிலையில் இருந்தவர்கள் அன்றாட வேலை பார்த்தவர்கள்தான். படுத்தவர்கள் கடைசியில் நின்றார்கள். பயிற்சி செய்தவர்களும் மூன்றாம் பிரிவினரை எட்டவில்லை.

இந்த முடிவு இன்னும் நம் சிகிச்சை அறைகளுக்குள் முழுதாக வந்துசேரவில்லை. பிடித்துக்கொண்ட முதல் சில நாட்களில் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படுவதில்லை. எழுந்து நடமாடி, முடிந்த வேலையைப் பார்த்தால் போதும். அந்த நாட்களில்தான் நோயாளி மருத்துவரிடம் வருகிறார், படத்தாளும் அப்போதுதான் கைக்கு வருகிறது. பயிற்சி மிகவும் பயன்படும் காலம், அதாவது வலி தணிந்த பிறகான மாதங்கள், யாருடைய கண்காணிப்பும் இல்லாமல் கழிந்துவிடுகிறது.

பன்னிரண்டு வாரங்களைத் தாண்டி நீடிக்கும் வலிக்குப் பயிற்சி எவ்வளவு உதவும்? காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 2021-ல் வெளியிட்ட தொகுப்பாய்வு 249 சோதனைகளைச் சேர்த்து எடைபோட்டது. சிகிச்சை இல்லாமலோ வழக்கமான கவனிப்போடோ இருந்தவர்களைவிடப் பயிற்சி செய்தவர்களின் வலி, நூறு புள்ளி அளவுகோலில் சுமார் 15 புள்ளி குறைந்தது. இது நோயாளியால் உணரக்கூடிய வித்தியாசம். குனிவது, நடப்பது, வீட்டுவேலை செய்வது போன்ற செயல்திறனிலோ முன்னேற்றம் சுமார் 7 புள்ளிதான். பொருட்படுத்தத்தக்கது என்று ஆய்வாளர்கள் வைத்த அளவை அது எட்டவில்லை. இன்னொரு குறையும் உண்டு. மாத்திரைச் சோதனையில் உண்மை மாத்திரை எது, வெற்று மாத்திரை எது என்பதை மறைத்துவிடலாம். பயிற்சி செய்கிறவரிடம் அவர் பயிற்சி செய்வதை மறைக்க முடியாது. அதனால் அந்த 15 புள்ளியில் எதிர்பார்ப்பின் பங்கும் கொஞ்சம் கலந்திருக்கலாம். யூடியூபில் ‘ஏழே நாளில் முதுகுவலி மறையும்’ என்று வாக்குக் கொடுப்பவர்கள் இந்த எண்களைச் சொல்வதில்லை.

சரி, எந்தப் பயிற்சி? இந்தக் கேள்வியின் வரலாறே ஒரு பாடம். 1937-ல் டல்லாஸ் நகர எலும்பு மருத்துவர் பால் வில்லியம்ஸ் முன்னோக்கி வளையும் பயிற்சிகளை வகுத்தார். முதுகு உள்வாங்கி வளைவதுதான் கேடு, அதை நிமிர்த்த வேண்டும் என்பது அவர் கருத்து. பல பத்தாண்டுகளுக்கு அதுவே வேதவாக்காக இருந்தது. 1956-ல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் வந்த ஒரு நோயாளி, தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த மேசையில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி வளைந்த அந்த நிலையிலேயே சிறிது நேரம் கிடந்தார். வில்லியம்ஸ் முறைப்படி அது செய்யவே கூடாதது. எழுந்தபோது அவருடைய கால்வலி தணிந்திருந்தது. அங்கிருந்து பிறந்த மெக்கென்சி முறை இன்று உலகெங்கும் கற்பிக்கப்படுகிறது. அதில் வரும் முக்கிய நிலை நம் புஜங்காசனத்துக்கு நெருங்கிய உறவு.

முன்னால் வளையச் சொன்னவருக்கும் பின்னால் வளையச் சொன்னவருக்கும் குணமான நோயாளிகள் இருந்தார்கள். பைலேட்ஸ், யோகா, தசை வலுவூட்டும் பயிற்சி ஆகியவற்றுக்கும் இருக்கிறார்கள். 2017-ல் பாஸ்டனில் பெரும்பாலும் ஏழை மக்களான 320 பேரிடம் நடந்த சோதனையில் பன்னிரண்டு வார யோகா வகுப்பு, பிசியோதெரபிக்குக் குறையாத பலனைத் தந்தது. ஒரு முறைக்கும் இன்னொரு முறைக்கும் உள்ள வித்தியாசம் பல நேரங்களில் சிறியது. ஆகவே ‘இந்தத் தசையை இறுக்கினால் இந்த வலி போகும்’ என்ற விளக்கத்தை அப்படியே ஏற்க முடியாது. வலி குறைந்த அளவுக்கும் தசை வலுப்பெற்ற அளவுக்கும் நேரடி உறவு பல ஆய்வுகளில் தென்படவில்லை.

பின் எதனால் குறைகிறது? ஒரு பகுதி விடை பயத்தில் இருக்கிறது. ஸ்கேன் எடுத்து ‘ஜவ்வு பிதுங்கியிருக்கு, எலும்பு தேஞ்சிருக்கு’ என்று கேட்டவர் அதன் பிறகு குடத்தைத் தூக்க மாட்டார், பேரக்குழந்தையையும் தூக்க மாட்டார், குனியும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அசையாத முதுகு மேலும் இறுகும். ஆனால் 2015-ல் வந்த ஒரு தொகுப்பாய்வின்படி, வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் 37 சதவீதம் பேரின் ஸ்கேனிலும் ஜவ்வுத் தேய்மானம் தெரிகிறது. எண்பது வயதில் அது 96 சதவீதம். தலை நரைப்பதைப் போல முதுகெலும்பும் வயதைக் காட்டுகிறது. மென்மையான பயிற்சி ஒவ்வொரு நாளும் உடம்புக்கு ஒன்றை நிரூபித்துக் காட்டுகிறது: குனிந்தேன், ஒன்றும் ஆகவில்லை. இந்த நம்பிக்கை சிகிச்சையின் ஓரத்தில் கிடக்கும் சங்கதி அல்ல. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1997-ல் தொடங்கி, முதுகுவலி வந்தால் படுத்துவிடாதீர்கள் என்று தொலைக்காட்சி விளம்பரங்களைத் தொடர்ந்து ஒளிபரப்பியது. மக்கள் எண்ணமும் மருத்துவர்கள் எண்ணமும் மாறின. முதுகுவலிக்கான தொழிலாளர் இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன.

பயிற்சியின் ஆகப்பெரிய பலம் தடுப்பில் இருக்கிறது. முதுகுவலி ஒரு முறை வந்துவிட்டுப் போகிற விருந்தாளி அல்ல, அடிக்கடி திரும்பி வருவது. 2016-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, பயிற்சியோடு விளக்கக் கல்வியும் சேர்ந்தால் ஓராண்டுக்குள் வலி வரும் அபாயம் 45 சதவீதம் குறைவதாகக் கண்டது. இடுப்பு பெல்ட்டும் செருப்புக்குள் வைக்கும் தகடும் தடுக்கவில்லை. நீடித்த வலிக்கான உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல், பயிற்சியைப் பரிந்துரைத்து, பெல்ட்டையும் எடை கட்டி இழுக்கும் ட்ராக்‌ஷனையும் வேண்டாம் என்கிறது. நம் ஊர் மருந்துக்கடைகளில் பெல்ட் இன்னும் கண்ணாடி அலமாரியில் முன்வரிசையில் தொங்குகிறது.

2024-ல் லான்செட் இதழில் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு இந்தத் தடுப்பை எளிமையான வடிவில் சோதித்தது. அண்மையில் முதுகுவலியிலிருந்து மீண்ட 701 பேரில் ஒரு பாதியினர் நடந்தார்கள்: படிப்படியாகக் கூட்டி, வாரம் ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம் வரை. வேலையைத் தடுக்கும் அளவுக்கு வலி திரும்ப அவர்களுக்கு இடைநிலையாக 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். உபகரணமோ கட்டணமோ தேவைப்படாத ஒன்றுக்கு இது பெரிய பலன். ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். நடந்தவர்களுக்கு முழங்கால், பாதம் போன்ற கால்பகுதித் தொல்லைகள் ஏறக்குறைய இரு மடங்கு வந்தன. அவர்கள் தாமாகவும் நடக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் ஆறு முறை பிசியோதெரபிஸ்ட் பேசி, தடங்கல்களைக் கேட்டு, அளவைத் திருத்திக் கொடுத்தார். ‘வாக்கிங் போங்க’ என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பினால் அதே 208 நாள் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது.

எல்லா முதுகுக்கும் ஒரே தாள் என்பது ஆபத்தாகவும் முடியலாம். 1984-ல் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள், எலும்புப்புரை உள்ள 59 பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். முன்னோக்கி வளையும் பயிற்சி செய்தவர்களில் 89 சதவீதம் பேருக்கு முதுகெலும்பில் புதிய நொறுங்கல்கள் ஏற்பட்டன. பின்னோக்கி நிமிரும் பயிற்சி செய்தவர்களில் 16 சதவீதம் பேருக்கு மட்டுமே. சிறிய ஆய்வுதான். ஆனாலும் அறுபது வயதுப் பெண்மணியைக் கூட்டு யோகா வகுப்பில், குனிந்து பாதத்தைத் தொடும் பாதஹஸ்தாசனத்துக்கு நெருக்குகிறவர்கள் இதைத் தெரிந்திருக்க வேண்டும். இளைஞர்களிடம் வேறொரு சிக்கல். காலையில் முதுகு விறைத்து, நடமாடினால் சரியாகிறது என்றால் அது அழற்சி வாத நோயாக இருக்கலாம். பயிற்சி இதம் தருவதாலேயே மருத்துவரிடம் போவது தள்ளிப்போய், நோய் உள்ளே வளரும். சிறுநீர் கட்டுப்பாடு போவது, தொடையிடுக்கு மரத்துப்போவது, கால் பலமிழப்பது ஆகிய மூன்றில் எது வந்தாலும் பயிற்சிப் பாயை விட்டுவிட்டு அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலும் காரணமில்லாத எடைக்குறைவும் சேர்ந்த வலியும் உடனே பரிசோதிக்கப்பட வேண்டியது.

கடைசியாக ஒரு குறை, அது பயிற்சியுடையதல்ல, அதைச் சொல்கிறவர்களுடையது. திருப்பூர் பனியன் கம்பெனியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் முன் குனிந்திருக்கும் பெண்ணுக்கு முதுகுவலி வருகிறது. விடியலுக்கு முன் எழுந்து சமைத்துவிட்டு வேன் ஏறுகிறவரிடம் தினமும் அரைமணி நேரம் நடக்கச் சொல்கிறோம். வலிக்கான பொறுப்பு முழுவதும் அவர் உடம்பின் மேலேயே விழுகிறது. செய்யாவிட்டால் ‘சோம்பேறித்தனம்’ என்ற பழியும் சேர்கிறது. உயரம் மாற்றக்கூடிய இருக்கை, முதுகு சாயும் நாற்காலி, ஷிப்டுக்கு உள்ளேயே கூலி குறையாமல் சில முறை எழுந்து நடக்கும் இடைவேளை ஆகியவை அந்தப் பெண்ணால் ஏற்படுத்திக்கொள்ள முடிகிறவை அல்ல. நிர்வாகம் ஏற்படுத்தித் தர வேண்டியவை.