அடுப்பு மூட்டாத விருந்து

இத்தாலியின் எமிலியா-ரொமான்யா வட்டாரத்தில் கிறிஸ்துமஸ் விருந்தாளிகள் வந்தால், பல வீடுகளில் மேசைக்கு முதலில் வருவது உலர்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் பரப்பிய ஒரு மரப்பலகை. அடுப்பு மூட்டாத விருந்து அது. ஆனால் அவசர விருந்து அல்ல. உப்பும் காற்றும் காலமும் அதை முன்பே சமைத்துவிட்டன. பன்றித் தொடை உப்பில் ஊறி, ஓராண்டுக்கு மேல் தொங்கி உலர்ந்து பார்மா புரோஷூட்டோ ஆகிறது. பார்மிஜானோ பாலாடைக்கட்டியின் ஒரு வட்டுக்குச் சுமார் 500 லிட்டர் பால் வேண்டும். குறைந்தது 12 மாதம் முதிர வேண்டும்.

இறைச்சியைத் தாள்போல் சீவி, மடிப்பு மடிப்பாகப் பரப்புவார்கள். பாலாடைக்கட்டியைக் குட்டைக் கத்தியால் நெம்பிப் பெயர்ப்பார்கள். அப்போதுதான் அதன் மணல்மணலான உள்ளழகு தெரியும். பக்கத்தில் உலர் அத்தி, வால்நட், கொஞ்சம் தேன்.

பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பாலாடைக்கட்டியை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். குளிர் விலகினால்தான் மணம் எழும்.