குளோஸ்டர் இதழில் ஒரு பத்தி

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயரில் உள்ளூர்ச் செய்தித்தாளின் வரலாறு 1722-ஆம் ஆண்டில் தொடங்குகிறது. மூத்த ராபர்ட் ரெய்க்ஸ், வில்லியம் டைசி என்னும் இருவர் அவ்வாண்டு ‘குளோஸ்டர் ஜர்னல்’ என்ற வார இதழை நிறுவினர். பெயரளவில் அது உள்ளூர் இதழே; உள்ளடக்கத்தில் பெரும்பகுதி இலண்டன் தாள்களிலிருந்து எடுத்தவை. அஞ்சல் பை வந்து சேர்ந்த பின்னரே அச்சுக்கோக்க முடிந்த காலம் அது. நிலம் விற்பனைக்கு என்றும் குதிரை காணவில்லை என்றும் வந்த விளம்பரங்களில்தாம் அவ்வூர் மக்களின் முகத்தை ஓரளவு காண்கிறோம். அரசின் முத்திரை வரியோ 1712 முதல் 1855 வரை செய்தித்தாளை ஏழையின் கைக்கு எட்டாத பொருளாகவே வைத்திருந்தது.

1728-இல் பாராளுமன்ற நடவடிக்கைகளை அச்சிட்ட குற்றத்திற்காக மூத்த ரெய்க்ஸ் அவையின் கண்டனத்திற்கு ஆளானார். செய்தியை அனுப்பிய அஞ்சலக ஊழியர் எட்வர்டு கேவ் காவலில் வைக்கப்பட்டார். இந்தக் கேவ்தான் 1731-இல் ‘ஜென்டில்மன்ஸ் மேகசின்’ என்னும் புகழ்பெற்ற மாத இதழைத் தொடங்கியவர்.

பிற்கால வரலாற்றை விரைந்தே கடக்கலாம். வரிகள் நீங்கியதும் இதழ்கள் பெருகின. 1876-இல் பிறந்த ‘சிட்டிசன்’ நாளிதழ் தலைமுறை தலைமுறையாக வாசிக்கப்பட்டு, 2017-இல் வார இதழாகச் சுருங்கிற்று. ஆனால் இந்த முந்நூறு ஆண்டுக் கதையில் என்னை நிறுத்தி வைத்தது ஒரேயொரு பத்தி. மூத்தவரின் மகனான இளைய ரெய்க்ஸ், 1783 நவம்பர் 3-ஆம் நாள் தம் இதழில் வெளியிட்ட ஞாயிறு பள்ளிச் செய்தி அது.

அப்பத்தி எவ்வாறு நடக்கிறது என்று கவனியுங்கள். குருக்கள் சிலர் ஏழைச் சிறுவருக்கு ஞாயிறு பள்ளிகள் அமைத்து வருகின்றனர் என்று தொடங்குகிறது. உடனே உழவரின் முறையீட்டிற்குத் தாவுகிறது: வாரம் முழுவதும் நேரும் சேதத்தைவிட ஞாயிறன்று தங்கள் உடைமைக்கு நேரும் சேதம் மிகுதியாம்! பிள்ளைகள்மீது இரக்கம் பிறக்குமுன் வேலிக்குக் கவலை பிறந்துவிடுகிறது. முதல் வாசிப்பில் இது எனக்குக் கசந்தது. எனினும் முடிவுவரை செல்லுங்கள். கீழ்நிலை மக்கள் திருந்த இயலாதவர் என்று எண்ணுவோர் பிழைபட்டவர் என்று அது முடிகிறது. அவ்வாறு எண்ணியவர்கள் யார்? காசு கொடுத்து அவ்விதழை வாங்கிய பெரியோர்தாமே! அவர்களுடைய வேலியைப் பற்றிப் பேசி உள்ளே நுழைந்து, அவர்களுடைய எண்ணத்தையே மறுத்துவிட்டு வெளியேறுகிறார் இதழாசிரியர். தம் பெயரை ஓரிடத்தும் சொல்லவில்லை.

அதே மாதம் 25-ஆம் நாள் டவுன்லி என்பவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் வேறு குரலில் பேசுகிறார். ஊசித் தொழிலில் உழைப்போர் வாழும் புறநகரில் கந்தலாடைச் சிறுவரைக் கண்டதும், ஞாயிறன்று அவர்கள் படும் சீரழிவை ஒரு பெண்மணி எடுத்துரைத்ததும், பெண்களைக் கூலிக்கு அமர்த்தி எழுத்துக் கற்பித்ததும் இதில் வருகின்றன. இங்கே ‘நான்’ இருக்கிறது, இரக்கமும் இருக்கிறது. உடனுழைத்த குருவோ பெயரின்றி வந்து போகிறார். 1784-இல் இக்கடிதத்தை வெளியிட்டுப் பரப்பியது எது தெரியுமா? முன்பு தந்தைக்குச் செய்தி அனுப்பிச் சிறைப்பட்ட கேவ் நிறுவிய அதே மாத இதழ்.

கடிதத்தையே பலரும் போற்றுவர். நான் செய்தித்தாள் பத்தியையே உயர்ந்ததாகக் கருதுகிறேன். இசையாதவரிடம் பேசும் துணிவு அதில் உண்டு. ஆயினும் இரண்டுக்கும் பொதுவான ஒரு மௌனத்தை மன்னிக்க மனம் வரவில்லை. ஆறு நாள் அச்சிறுவர் ஏன் உழைக்க வேண்டும் என்று இரண்டுமே கேட்கவில்லை.

மிலான் நகரில் புனித சார்லஸ் பொரோமியோ 16-ஆம் நூற்றாண்டிலேயே ஞாயிறு மறைக்கல்வியை ஒழுங்குபடுத்தியதை நம்மவர் நினைவூட்டுவர். அது உண்மையே. குளோஸ்டரிலும்கூட ரெய்க்சுடன் இணைந்து 1780-இல் பள்ளி நடத்தியவர் தாமஸ் ஸ்டாக் என்னும் ஆங்கிலிக்கன் குரு. முதலில் தொடங்கியவர் யார் என்ற வழக்கு நெடுநாள் நீடித்தது. அச்சகம் வைத்திருந்தவர் ரெய்க்ஸ். ஸ்டாக்கிடம் இருந்தது பிரசங்க மேடை மட்டுமே. (பங்குக் குருவாகிய எனக்கு இதில் சிறிது பக்கச்சார்பு இருக்கலாம்.) 1880-இல் இலண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் சிலை எழுந்தது ரெய்க்சுக்கு, அவருடைய பத்தியின் தொடக்கத்தில் நின்ற குருக்களுக்கு அல்ல.