முதல் இரட்டைச் சதம் யாருடையது?

2010 பிப்ரவரியில் குவாலியரில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக சச்சின் டெண்டுல்கர் ஆட்டமிழக்காமல் 200 ரன் எடுத்தார். ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதம் என்று அன்று இரவு தொலைக்காட்சிகள் முழங்கின. மறுநாள் நாளிதழ்கள் அதையே எழுதின. பொது அறிவுக் கேள்வி-பதில்களில் இன்றைக்கும் அதுதான் விடை. ஆனால் 1997 டிசம்பரிலேயே, அதுவும் நம் மும்பையில், உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் டென்மார்க்குக்கு எதிராக ஆஸ்திரேலிய அணியின் தலைவர் பெலிண்டா கிளார்க் ஆட்டமிழக்காமல் 229 ரன் குவித்திருந்தார். சச்சினுக்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு.

இந்தப் பிழையில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘ஒருநாள் கிரிக்கெட்டின் முதல் இரட்டைச் சதம்’ என்ற தொடரில் ஆணைக் குறிக்கும் சொல் ஒன்றுகூட இல்லை. எல்லாமே பொதுச்சொற்கள். அந்தப் பொதுமைதான் கிளார்க்கை விழுங்கியது. பாலினம் தாங்கிய சொற்களை நீக்கிவிட்டால் மொழி நியாயமாகிவிடும் என்று நம்புகிறவர்கள் முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

கிரிக்கெட் விதிகளைப் பராமரிக்கும் லண்டன் எம்.சி.சி. 2021 செப்டம்பரில் ‘பேட்ஸ்மேன்’ என்ற சொல்லைக் கைவிட்டு ‘பேட்டர்’ என்று மாற்றியது. 2017இல் விதிகளைத் திருத்தி எழுதியபோதே இந்தப் பேச்சு எழுந்தது. ஐ.சி.சி.யையும் மகளிர் கிரிக்கெட்டின் முக்கியமானவர்களையும் கலந்து பேசி, பழைய சொல்லே இருக்கட்டும் என்று விட்டார்கள். நான்கு ஆண்டுகளில் மனம் மாறியது. பௌலர், ஃபீல்டர் எல்லாம் ஏற்கெனவே இருபாலுக்கும் பொதுவாக இருக்கும்போது பேட்ஸ்மேன் மட்டும் ஏன் மீசையோடு நிற்க வேண்டும் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம். நியாயமான வாதம். மரபு போயிற்று என்று புலம்பியவர்களும் உண்டு, பேட்டர் என்றால் மாவு ஆயிற்றே என்று சிரித்தவர்களும் உண்டு. நம்மூர்க் கடைகளில் பாக்கெட்டில் விற்கும் இட்லி மாவின் மேலும் அதே பெயர்தான் அச்சிட்டிருக்கிறது என்பதால் சிரிப்பதற்கு நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு. ஆனால் சிரிப்பு எதிர்வாதம் ஆகாது. மட்டையோடு களத்துக்குப் போகும் பத்து வயதுப் பெண்ணுக்கு, அவள் செய்யும் வேலையின் பெயரிலேயே வேறு யாரோ இருக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம்.

இதே எம்.சி.சி. தோன்றியது 1787இல். பெண்களை உறுப்பினராகச் சேர்க்கலாம் என்று வாக்களித்தது 1998இல். அதன் சொந்த மைதானமான லார்ட்ஸில் பெண்கள் முதன்முதலாக ஒருநாள் ஆட்டம் ஆடியது 1976இல். சொல்லை மாற்றிய 2021 வரை அங்கே ஒரு மகளிர் டெஸ்ட்கூட நடந்திருக்கவில்லை. சொல்லை மாற்ற ஓர் அறிக்கை போதும்; மைதானத்தைச் சில நாள் ஒதுக்கித் தருவதற்குத்தான் கை வராது. சொல்திருத்தத்தின் மீது எனக்குள்ள முதல் சந்தேகம் இதிலிருந்து வருகிறது: மலிவான மாற்றம் முதலில் நடந்துவிட்டால், செலவு பிடிக்கும் மாற்றத்தைத் தள்ளிப்போட அதுவே சாக்காகிவிடும்.

இந்தியாவில் இதற்கு இன்னும் துல்லியமான உதாரணம் உண்டு. 2022 அக்டோபரில் கிரிக்கெட் வாரியம் ஆடவர், மகளிர் இருவருக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் என்று அறிவித்தது. டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். நல்ல முடிவு. செய்தி பரவியது ‘சம ஊதியம்’ என்ற பெயரில். ஆனால் சமமானது ஆட்டக் கட்டணம் மட்டும். அப்போது ஆண்டு ஒப்பந்தத்தில் ஆடவரின் உச்சப் பிரிவுக்கு 7 கோடி ரூபாய், மகளிரின் உச்சப் பிரிவுக்கு 50 லட்சம். ‘ஊதியம்’ என்ற பெரிய சொல் அந்த இடைவெளியின் மேல் ஒரு ஜமுக்காளத்தை விரித்துவிட்டது.

தமிழுக்கு வருவோம். ஆங்கிலம் குழு போட்டுத் தேடிய பொதுப்பெயர் நம்மிடம் ‘ர்’ விகுதியாகவே இருக்கிறது. ஜெயலலிதா ஆறு முறை பதவியேற்றார்; ஒரு தடவையும் யாரும் அவரை ‘முதலமைச்சி’ என்று எழுதவில்லை. மருத்துவர், ஆட்சியர், நீதிபதி எதற்கும் தனிப் பெண்பால் தேவைப்படவில்லை. ‘ஆசிரியை’ மெல்ல ஒதுங்கி ‘ஆசிரியர்’ பொதுவாகி வருகிறது. ‘செவிலியர்’ என்ற சொல் ஆண்களையும் சிரமமில்லாமல் ஏற்றுக்கொண்டது. பந்துவீச்சாளர், மட்டையாளர், ஆட்டக்காரர் எல்லாம் இந்த வரிசையில் சேரக்கூடியவைதான். அப்படியும் நம் விளையாட்டுப் பக்கங்கள் வீரர், வீராங்கனை என்று இரண்டு வண்டிகளை ஓட்டுகின்றன. இலங்கைத் தமிழிலும் அதே கதை: துடுப்பாட்ட வீரர், துடுப்பாட்ட வீராங்கனை.

வீராங்கனையை ஒழித்துவிடலாமா? நான் ஒழிக்க மாட்டேன். அந்தச் சொல்லில் தாழ்வு எதுவும் இல்லை. வேலு நாச்சியாருக்கு நாம் சூட்டிய பெயர் அது. ஒரு கலப்பு இரட்டையர் செய்தியில் யார் ஆண், யார் பெண் என்று ஒரே சொல்லில் தெரிவிக்கும் வசதியும் அதற்கு உண்டு. குறை வேறிடத்தில் இருக்கிறது. வீராங்கனை என்று ஒரு சொல் தனியாக நிற்பதால், பொதுவாக இருந்திருக்க வேண்டிய ‘வீரர்’ ஆண்பாலாகச் சுருங்கிவிட்டது. அதனால்தான் ஒலிம்பிக் அணியைப் பற்றி எழுதும்போது ‘வீரர், வீராங்கனைகள்’ என்று இரட்டைச் சுமை தூக்குகிறோம். தலைப்பில் இடம் போதாதபோது வெட்டுப்படுவது பின்னால் நிற்கும் வீராங்கனைகள்தாம். கலந்த குழுவுக்கு ‘வீரர்கள்’ அல்லது ‘அணியினர்’ என்றும், தனியாளைச் சொல்லும்போது விரும்பினால் வீராங்கனை என்றும் எழுதுவதில் இலக்கணத் தடை எதுவும் இல்லை. ஆட்டநாயகன், ஆட்டநாயகி இணையோடும் எனக்குச் சண்டை இல்லை. 2025 மகளிர் உலகக் கோப்பையில் 22 விக்கெட் எடுத்த தீப்தி சர்மாவைத் தொடர் நாயகி என்பதால் அவர் ஒரு விக்கெட்டும் குறைந்துவிடவில்லை.

எழுத்தை விடப் பேச்சு சிக்கலானது. தமிழ் வர்ணனையைச் சற்றுக் கூர்ந்து கேளுங்கள். ஆண் ஆடினால் ‘அடிச்சிருக்காரு’, பெண் ஆடினால் ‘அடிச்சிருக்காங்க’. எழுத்தில் ‘அடித்தார்’ என்று ஒன்றாக இருந்த மரியாதை பேச்சில் இரண்டாகப் பிரிகிறது. இதில் குறை காண ஒன்றுமில்லை; வீட்டில் அப்பா வந்தாரு, அம்மா வந்தாங்க என்பதைப் போலத்தான். ஆனால் டீக்கடைக்குப் போனால் நிலைமை மாறுகிறது. ‘தோனி அடிச்சான் பாரு’ என்று அங்கே சொல்வது அவமரியாதை ஆகாது. அது உரிமை, செல்லம். ‘ஸ்மிருதி அடிச்சா பாரு’ என்று அதே பெஞ்சில் உட்கார்ந்து சொல்லிப் பாருங்கள். ஏதோ வரம்பு மீறியதுபோல் காதில் விழும். ஆணை நாம் மரியாதையாகவும் கொண்டாடலாம், மரியாதை இல்லாமலும் கொண்டாடலாம். பெண்ணுக்கு மரியாதை ஒன்றுதான் கிடைக்கிறது, நெருக்கம் கிடைப்பதில்லை. தோனி ‘தல’, ரெய்னா ‘சின்ன தல’. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1999 முதல் 2022 வரை இந்தியாவுக்கு ஆடிய மித்தாலி ராஜுக்குத் தமிழ்த் தெருக்களில் அப்படியொரு பெயர் ஒட்டவில்லை. உங்களுக்குப் பிடித்த ஆண் ஆட்டக்காரர் யார் என்று 2017இல் ஒரு நிருபர் கேட்டபோது, இதே கேள்வியை ஆண்களிடம் கேட்பீர்களா என்று திருப்பிக் கேட்டவர் அவர். இந்தக் குறையை எந்த விதிக்குழுவாலும் தீர்க்க முடியாது. நிறைய ஆட்டம் பார்த்தால்தான் தீரும்.

நெருக்கம் இல்லாத இடத்தைப் புகழ்ச்சி நிரப்புகிறது. தங்கம் வென்ற ஆண் ‘தங்க மகன்’. ரியோ பாராலிம்பிக்கில் உயரம் தாண்டிய மாரியப்பனை ஊரே அப்படி அழைத்தது. பெண் வென்றால் பெரும்பாலும் ‘தங்க மங்கை’. மகன் என்றால் நம் வீட்டுப் பிள்ளை. மங்கை என்றால் யாரோ. ‘பிகில்’ படம் வந்த பிறகு ‘சிங்கப்பெண்’ தலைப்புகளுக்கு ஓய்வே இல்லை. எடுத்த ஓட்டம் எத்தனை, எறிந்த தூரம் எவ்வளவு என்று சொல்வதற்கு முன்பே சிங்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. திட்டுவதைவிட இது மேல்தான், ஆனாலும் இதிலும் ஆட்டம் பின்னால் போய்விடுகிறது. ‘கன்னிச் சதம்’ என்று ஒரு காலத்தில் எழுதிக்கொண்டிருந்தோம். எதற்கு அந்தக் கன்னி? ‘முதல் சதம்’ என்று எழுதத் தொடங்கியபோது எவருக்கும் எதுவும் குறையவில்லை.

சதுரங்கத்தில் விவகாரம் தலைகீழ். அங்கே ‘பெண்’ என்ற அடைமொழியை அவசரப்பட்டு நீக்கினாலும் தப்பு, கண்டபடி ஒட்டினாலும் தப்பு. கிராண்ட்மாஸ்டர் என்பது ஒரு பட்டம். அதற்கு 2500 தரப்புள்ளி தொட வேண்டும், ஆணோ பெண்ணோ யாரும் வெல்லலாம். மகளிர் கிராண்ட்மாஸ்டர் என்பது வேறு பட்டம், 2300 போதும். சென்னையைச் சேர்ந்த எஸ். விஜயலட்சுமி இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர். கோனேரு ஹம்பி 2002இல் கிராண்ட்மாஸ்டர் ஆன முதல் இந்தியப் பெண். ‘முதல் பெண் கிராண்ட்மாஸ்டர்’ என்று எழுதினால் யாரைச் சொல்கிறோம்? இருவருக்கும் பொருந்துவதுபோல் தோன்றி, இருவர் சாதனையையும் குழப்பிவிடும். 2023 டிசம்பரில் வைஷாலி 2500ஐத் தொட்டு, கிராண்ட்மாஸ்டர் தகுதி பெற்ற மூன்றாவது இந்தியப் பெண்ணானார். அந்த ‘மூன்றாவது’ என்ற எண்ணுக்குள் ஒரு வரலாறு இருக்கிறது. பாலினச் சொல்லை எடுத்துவிட்டால் அந்த வரலாறும் சேர்ந்து போய்விடும். அவரைப் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’ என்று அறிமுகப்படுத்துகிறோமே, அதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும். சதுரங்கத்துக்கு முதலில் போனவர் அக்கா; அவரைப் பார்த்துப் போனவர் தம்பி.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் சில்லறைக் கணக்கு. சொல்திருத்தம் உண்மையில் வென்ற இடங்கள் மைதானத்துக்கு வெளியே இருக்கின்றன. ‘கற்பழிப்பு’ என்ற சொல்லைச் செய்தித்தாள்கள் கைவிட்டு ‘பாலியல் வன்கொடுமை’ என்று எழுதத் தொடங்கியது நம் காலத்தில் நடந்த பெரிய மாற்றம். பழைய சொல் குற்றத்தைச் செய்தவனை விட்டுவிட்டு, அந்தப் பெண்ணிடம் ஏதோ அழிந்துபோனதாகத் தீர்ப்பு எழுதியது. புதிய சொல் குற்றத்தைக் குற்றமென்கிறது. ‘திருநங்கை’ அரசு ஆவணம் வரை போய்ச் சேர்ந்ததும் அப்படித்தான். விளையாட்டில் இந்த அளவுக்குக் கனமான சொல்லைத் தேடினால் 2006க்குப் போக வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்துச் சாந்தி, தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பதக்கம் பறிக்கப்பட்டபோது, ‘பாலினச் சோதனையில் தோல்வி’ என்று செய்தி ஓடியது. ஒருவர் உடலைக் குறித்த மருத்துவ விவரத்தை எழுதும்போது ‘தோல்வி’ என்ற பரீட்சைச் சொல் எங்கிருந்து வந்தது? தோற்றது யார்? ‘பேட்ஸ்மேன்’ யாரையும் காயப்படுத்தியிருக்காது என்று வாதிடலாம். இந்தச் சொல் ஒரு மனிதரின் வாழ்க்கையையே மறித்தது. எல்லாப் பாலினச் சொற்களையும் ஒரே தராசில் போட்டு நிறுப்பவர்கள் இந்த வித்தியாசத்தைத் தவறவிடுகிறார்கள்.

விதிப்புத்தகத்தில் இல்லாத சொற்கள் இன்னும் மோசம். ‘பொம்பள மாதிரி எறியாதே’, ‘வளையல் போட்டுக்கோ’, ‘ஆம்பளையா இருந்தா வாடா’. பள்ளி மைதானத்திலும் கபடிக் களத்திலும் இவை தடையின்றி ஓடுகின்றன. முட்டியை ஊன்றி எடுக்கும் தண்டாலுக்கு உடற்பயிற்சிக் கூடங்களில் ‘லேடீஸ் புஷ்-அப்’ என்று பெயர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் மகளிர் கபடித் தங்கத்தை வென்ற இந்திய அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அவர் ஊர்ப் பையன்களை ‘பொம்பள மாதிரி ஆடாதே’ என்று பயிற்சியாளர் யாராவது திட்டினால், எந்தப் பொம்பளை என்று அவர்கள் கேட்கலாம். ‘பேட்டர்’ என்று திருத்தமாகச் சொல்லும் வர்ணனையாளர்கள் பெருகுவதைவிட, இந்த வசைகளைக் கேட்டதும் விசிலை ஊதி ஆட்டத்தை நிறுத்தும் உடற்கல்வி ஆசிரியர்கள் பெருகுவது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆகவே சொல்லை நீக்குவதா வேண்டாமா என்ற சண்டையில் நான் இரு தரப்பிலும் முழுதாக நிற்கவில்லை. தீர்ப்பு எழுதும் சொல் போகட்டும். தகவல் தரும் சொல் இருக்கட்டும். இதற்கும் மேலே, நாம் கூட்ட வேண்டிய சொல் ஒன்று இருக்கிறது: ‘ஆடவர்’. மகளிர் உலகக் கோப்பை முதலில் நடந்தது 1973இல். ஆடவர் உலகக் கோப்பை 1975இல்தான் வந்தது. ஆனாலும் முன்னால் பிறந்ததற்கு அடைமொழி, பின்னால் பிறந்ததற்கு வெறும் ‘உலகக் கோப்பை’ என்ற முழுப்பெயர். ஐ.சி.சி. தன் போட்டிப் பெயர்களில் ‘ஆடவர்’ என்று சேர்க்கத் தொடங்கிவிட்டது. நம் பத்திரிகைகளில் அது இன்னும் பெரிதாக வரவில்லை. தமிழில் நான்கெழுத்து, தலைப்பில் இடம் பிடிக்காது.

2027இல் தென்னாப்பிரிக்கா, ஜிம்பாப்வே, நமீபியா மூன்றிலும் சேர்ந்து ஐம்பது ஓவர் போட்டி நடக்கவிருக்கிறது. விளையாட்டுப் பக்கம் தயாரிக்கும் நண்பர்களே, முதல் நாள் தலைப்பிலேயே அதை ‘ஆடவர் உலகக் கோப்பை’ என்று போடுங்கள்.