டி-2 வாசலில் நில்லுங்கள்

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் (ஈ.சி.ஆர்.) விடியற்காலையில் டூயத்லான் நடந்தால் வேடிக்கை பார்க்க வருவது யார்? ஓடுபவர்களின் வீட்டார், பந்தோபஸ்துக்கு நிற்கும் போலீஸ்காரர், டீக்கடைக்காரர். மாரத்தான் என்றால் திரளும் கூட்டம் இதற்கு மட்டும் வராது. கேட்டால், “நீச்சல் தெரியாதவங்களோட ட்ரையத்லான்தானே?” என்பார்கள். இப்படிச் சொல்பவரைப் பிடித்து சுவிட்சர்லாந்தின் ஸோஃபிங்கெனுக்கு அனுப்ப வேண்டும். 1989-ல் அங்கே தொடங்கிய பவர்மேன் பந்தயத்தின் நெடுந்தூரப் பிரிவில் 10 கி.மீ. ஓட்டம், 150 கி.மீ. சைக்கிள், அதற்கும் மேல் 30 கி.மீ. ஓட்டம். எல்லாம் மேடும் பள்ளமுமான பாதையில். போய்விட்டு வந்து நீச்சலைப் பற்றிப் பேசட்டும்.

பாலபாடத்தைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஓட்டம், சைக்கிள், மறுபடி ஓட்டம். வழக்கமான தூரம் 10-40-5 கி.மீ., குறுந்தூரம் 5-20-2.5 கி.மீ. புதியவர்களுக்காக உள்ளூரில் இன்னும் குறைத்தும் வைப்பார்கள். ஓட்டத்திலிருந்து சைக்கிளுக்கு மாறும் கட்டம் டி-1. சைக்கிளிலிருந்து ஓட்டத்துக்கு மாறுவது டி-2. ஹெல்மெட் வாரைப் பூட்டாமல் சைக்கிளை எடுக்கக் கூடாது, கோட்டைத் தாண்டாமல் ஏறக் கூடாது. போதும்.

இனிதான் விஷயம். முடிவுக் கோட்டுக்குப் போகாதீர்கள். அங்கே மைக் பிடித்தவரின் கத்தலும் மெடலோடு செல்ஃபியும்தான் கிடைக்கும். டி-2 வாசலில் நில்லுங்கள். வெளியே ஓடி வருகிறவர்களை இரண்டே ஜாதியாகப் பிரிக்கலாம்: மூச்சுப் போனவர், கால் போனவர்.

மூச்சுப் போனவரைப் பார்த்தால் பயமாக இருக்கும். வாய் பிளந்திருக்கும், தோள் ஏறி இறங்கும். பரிதாபப்படாதீர்கள். முழங்காலைப் பாருங்கள், நன்றாக உயர்கிறது. கடைசிக் கிலோமீட்டரில் யாரையோ துரத்தியிருக்கிறார், அவ்வளவுதான். கொஞ்ச தூரத்தில் சமாளித்துக்கொள்வார்.

கால் போனவர் நேர்மாறு. முகம் தெளிவாக இருக்கும், நம்மைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்வார். ஆனால் இடுப்பு மடிந்தே இருக்கும். இன்னும் சைக்கிளிலேயே உட்கார்ந்திருப்பது போல. அடி சின்னதாக விழும். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: பாதம் தார் ரோட்டில் ‘பட், பட்’ என்று தட்டையாக அறையும். மிதிக்கும்போது தொடைக்கு அதிர்ச்சி கிடையாது. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடம்பின் பாரத்தை அது தாங்கியாக வேண்டும். முதல் ஓட்டத்திலேயே அடிவாங்கிய தொடை, சைக்கிளிலும் பிழியப்பட்ட பிறகு, இங்கே வந்து கைவிரிக்கிறது. இவர் தேறமாட்டார். சிரித்தாலும் தேறமாட்டார்.

கால் எங்கே போகிறது என்பதும் தெரிந்ததுதான். வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் மாமல்லபுரம் பக்கம் போகும்போது காற்று முதுகைத் தள்ளும். ‘நமக்கா இவ்வளவு வேகம்!’ என்று பூரித்து மிதிப்பவர், திரும்பும் வழியில் அதே காற்றுக்கு வட்டியோடு கட்டுவார். அனுபவசாலி டி-2 நெருங்கும்போதே கியரைக் குறைத்துக் காலை லேசாகச் சுழற்றுவார், எழுந்து நின்று இடுப்பை ஒருமுறை நிமிர்த்துவார். அதைப் பார்த்துவிட்டீர்கள் என்றால் அவருடைய ஓட்டம் எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சக்கரத்தின் விலையைச் சொல்லி மலைக்கும் விமர்சகர்கள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. கார்பன் சக்கரம் ‘வூம்’ என்று போனால் வீடியோ எடுக்கிறார்கள். சைக்கிள் கடை விளம்பரத்துக்கும் பந்தய ரசனைக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள்!

ஒரு ரகசியம் சொல்கிறேன். எனக்கு மிகவும் பிடித்தது சாதாரண ஹைபிரிட் சைக்கிளில் வரும் புதியவர்கள்தான். ஓடிய ஷூவிலேயே மிதிக்கிறார்கள். டி-2வில் ஷூ மாற்றும் வேலையே இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டு ஓடவேண்டியதுதான். பெடலோடு பூட்டிக்கொள்ளும் விலையுயர்ந்த கிளீட் ஷூவைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பவரை அந்த ஒரு நிமிடம் அவர்கள் முந்திப் போவார்கள். அடுத்த கிலோமீட்டரில் அவர் பிடித்துவிடுவார், அது வேறு கதை. ஆனால் அந்த ஒரு நிமிடத்துக்குக் கைதட்ட ஆள் வேண்டாமா? வாருங்கள். டிக்கெட் கிடையாது, முண்டியடிக்கக் கூட்டமும் கிடையாது.