‘ஸ்மார்ட்’ மணக் கருவி தேவையா?

கைப்பேசியைத் தொட்டால் கூடம் முழுவதும் மல்லிகை மணக்கும் என்கிறார்கள். ‘ஸ்மார்ட் டிஃப்யூசர்’ என்று விற்கப்படும் கருவியைத்தான் சொல்கிறேன்.

இதன் அமைப்பு எளியது. நீரில் சில துளி வாசனை எண்ணெய் இடுகிறோம். அடியிலுள்ள பீசோமின் தகடு வினாடிக்குப் பல இலட்சம் முறை அதிர்ந்து, அந்நீரை நுண்துளிகளாக எறிகிறது. பெயர் என்னவோ விரவலைக் குறிக்கிறது. ஆனால் அசைவற்ற காற்றில் விரவலால் மட்டும் மணம் 3 மீட்டர் கடக்க நாட்கணக்காகும்! அதைச் சுமந்து வருவது காற்றோட்டமே. (வகுப்பில் வாசனைப் புட்டியைத் திறந்து விரவலை விளக்கும் நாங்களும் இதைச் சொல்வதில்லை.)

சரி, இதில் ‘ஸ்மார்ட்’ எது? குறித்த நேரத்தில் இயங்கும், நிற்கும். நிற்பது நல்லதே. ஒரே மணத்துக்குச் சில நிமிடங்களில் மூக்கு பழகிவிடுகிறது. ‘மணமே இல்லையே’ என்று நாம் அளவைக் கூட்டுகிறோம். ஆனால் நிறுத்துவதற்குச் சாதாரண சுவிட்சு போதாதா?

துர்நாற்றத்தைப் போக்கும் என்ற விளம்பரத்தை ஏற்பதற்கில்லை. நாற்ற மூலக்கூறுகள் அறையிலேயே இருக்க, மேலே இன்னொரு மணத்தைப் போர்த்துகிறோம். சன்னலைத் திறந்தால் அவை வெளியேறும். மேலும், ஆரஞ்சு எண்ணெயிலுள்ள லிமோனீன் காற்றிலுள்ள ஓசோனுடன் வினைபுரிந்து ஃபார்மால்டிஹைடைத் தருகிறது. ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இது விளையாட்டன்று.

இன்னொன்று. சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிவை மூக்கு அறியட்டும் என்றே எத்தில் மெர்காப்டானைச் சேர்க்கிறார்கள். வலுத்த வாசனை அந்த எச்சரிக்கையை மறைக்கக்கூடும். சமையலறைக்கு அருகில் இக்கருவியை வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.